ஒழுங்காக மூடிய குழிகள்

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலைக்காலத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைப் பக்கத்துக்கு என்னையும் எழுதச் சொன்னபோது சிரித்துவிட்டேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டாவது குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. வேலையை விட்டவளை ஓய்வு பெற்றவள் என்று சொல்லலாமா? என் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதால் நின்றவள் நான். நின்றது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனாலும் எழுதுகிறேன். காரணம், பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போனில் கேட்ட கேள்வி.

“அக்கா, புது மிசினு பறக்குதுக்கா. ட்ரோன்ல கட்டி விட்டா மேல இருந்தே மண்ணுக்குள்ள பாத்துரும். அதுக்குப் படிச்சுக் குடுக்க டப்பா புதைக்கணும். முன்னாடியெல்லாம் நீங்கதான் புதைப்பீங்களாமே. எப்படிப் புதைக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்கக்கா.”

“யோசிச்சுச் சொல்றேன்மா” என்றேன். சோறு ஊட்டும்போதும் துணி மடிக்கும்போதும் யோசித்தேன். ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அதனால் இவ்வளவு நீளம்.

எங்கள் நிறுவனம் பெரியது அல்ல. மேலூர் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதன் பின்னால் முள்வேலிக்குள் கொஞ்சம் நிலம். மண்ணுக்குள் புதைந்திருக்கும் கண்ணிவெடியையும் மற்ற வெடிபொருளையும் தோண்டாமலே கண்டுபிடிக்கும் கருவி செய்வதுதான் எங்கள் வேலை. பழைய கண்ணிவெடிகளில் இரும்பு இருந்தது. உலோகத்தைக் காட்டும் கருவி அதற்குப் போதும். இப்போதையவை பெரும்பாலும் பிளாஸ்டிக். அதனால் ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைப் படமாக்கிப் பார்க்க வேண்டும். விமானத்தைத் தேடும் ராடார்தான். இது கீழே பார்க்கிறது, அவ்வளவே. இரண்டு சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போவோம். தூரத்திலிருந்து பார்த்தால் சுண்டல் வண்டி மாதிரி இருக்கும்.

நான் மதுரையில் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளில் கற்றதைச் சுருக்கமாகச் சொன்னால், மீசை பார்க்கக் கற்றேன். மண்ணுக்குள் ஒரு பொருள் இருந்தால் திரையில் அது நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் வழிந்த வளைவாகத் தெரியும். நாங்கள் அதை மீசை என்போம். சிக்கல் என்னவென்றால் கல்லுக்கும் மீசை உண்டு, வேருக்கும் மீசை உண்டு. எது வெடி, எது கல் என்று மென்பொருள் தானே பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு, வெடி போலவே செய்த டப்பாக்களை நிலத்தில் புதைத்து, வண்டியை மேலே ஓட்டி, ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மென்பொருள் விக்னேஷின் பொறுப்பு. என்னைவிட இளையவன். கூடவே ராசு அண்ணன். ராணுவத்தில் பொறியாளர் படைப்பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். கருவி காட்டிய இடத்தில் மார்பைத் தரையில் கிடத்தி, குத்தூசியால் சாய்வாகக் குத்திப் பார்த்து, கரண்டியால் மண்ணை வழித்துத் தோண்டுவது அவர். விக்னேஷ் மீசையைக் காட்டிச் சந்தோஷப்படும்போதெல்லாம், “மீசை இருக்குன்னு கல்லையெல்லாம் கைது பண்ண முடியுமா மாப்ள?” என்பார்.

டப்பா புதைப்பது என் வேலை. யாரும் கொடுத்ததல்ல. முதல் மாதம் ஒருநாள் நான் புதைத்தேன், சுத்தமாக இருந்தது, அப்படியே என்னோடு ஒட்டிக்கொண்டது. மெழுகும் ரப்பரும் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. மண்வெட்டியால் சதுரமாகக் கீறி, மேல்மண்ணைப் புல்லோடு பெயர்த்து ஒரு சாக்கில் வைப்பேன். கீழ்மண் வேறு சாக்கில். டப்பாவை மட்டம் பார்த்து வைத்து, கீழ்மண்ணை முதலில் போட்டு, புல்மண்ணை அதன் இடத்திலேயே பொருத்தி, மண்வெட்டியின் முதுகால் தட்டி, பூவாளியில் தண்ணீர் தெளிப்பேன். முடித்த பிறகு எங்கே தோண்டினேன் என்று எனக்கே தெரியாது. வந்து பார்க்கிற அதிகாரிகள் அதைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

எங்கள் தலைவர் குபேந்திரன் சார். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரர். தாத்தா காலம் வரை தறி. எங்களோடு தமிழில் பேசிக்கொண்டே இருப்பவர், அம்மாவின் போன் வந்தால் சட்டென்று அவர்கள் வீட்டு மொழிக்குப் போய்விடுவார். எங்களுக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் குரல் மட்டும் பள்ளிக்கூடப் பையனின் குரலாகிவிடும். அவர் திட்டி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நல்ல முடிவு ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினால், குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரை மேசையில் கவிழ்த்து, ஒரு விரலால் சுற்றிக்கொண்டே, “சரி. வேற என்னவா இருக்கும்?” என்பார்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. பட்டறையில் கை உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதற்கு எதிர்க்கட்சி என்று பெயர். எந்தச் சோதனை நன்றாக முடிந்தாலும், மாலை டீ நேரத்தில் ஒருவர் அதில் உட்கார்ந்து அந்த முடிவு தவறு என்று வாதாட வேண்டும். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பேசித்தான் ஆக வேண்டும். முறை வைத்துத்தான் ஆரம்பித்தோம். போகப் போக என்னையே உட்கார வைத்தார்கள்.

“சந்தேகப்படுறதுக்குன்னே பொறந்தவ இருக்கையில நாங்க எதுக்கு?” என்பார் ராசு அண்ணன். “கேஸை மூடிட்டு வந்தோமான்னு பாதி வழியில திரும்பிப் போறவதான நீ?”

பொய் இல்லை. பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். அப்போது என் மூத்தவனுக்கு இரண்டு வயது. விளாங்குடியில் வாடகை வீடு. அம்மாவிடம் அவனை விட்டுவிட்டு பஸ் ஏறினால், மேலூர் சாலைக்குத் திரும்புவதற்குள் மூன்று முறை போன் செய்திருப்பேன்.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் எங்களுக்கு ராணுவத்துக்கு வெளியே முதல் வேலை வந்தது. மேலூருக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கிரானைட் குவாரி. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. பக்கத்தில், குவாரி நடந்த காலத்தில் கழிவுக் கல்லையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்கிய இடம். பின்னாளில் அதை மட்டமாக்கி, நிலமே இல்லாத குடும்பங்களுக்கு வீட்டுமனையாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பட்டா கைக்கு வந்த பிறகு, ஆடு மேய்த்த ஒருவர் அங்கே மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த வயரை இழுத்திருக்கிறார். முனையில், பாறை வெடியைத் தூண்டிவிடும் கேப்பு. வெடிக்கவில்லை. குவாரியில் சில குழிகளில் வெடி வெடிக்காமல் நின்றுபோவதுண்டு. அந்தக் கல்லும் கழிவோடு சேர்ந்து அங்கே வந்திருக்கலாம். இடத்தைச் சோதித்துப் பாதுகாப்பானது என்று அறிக்கை கொடுத்தால்தான் வீடு கட்ட விடுவோம் என்று நிறுத்திவைத்தார்கள். அந்த அறிக்கையைக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மனை கிடைத்த குடும்பங்கள் தினமும் வந்து வேலிக்கு வெளியே நின்றன. அவர்களுக்காக எங்களோடு பேசியவர் செல்லத்தாயி அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கணவர் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். அக்காவும் மகளும் கொழுந்தன் வீட்டு வராந்தாவில் படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

“ஏ தாயி, ஆடி பொறக்கங்குள்ள சொல்லிருவீகளா?” என்று முதல் நாளே கேட்டார். வீட்டுக்கு அஸ்திவாரக் குழி எடுப்பதை எங்கள் பக்கம் வானம் தோண்டுவது என்பார்கள். ஆடியில் யாரும் வானம் தோண்ட மாட்டார்கள். ஆனி போனால் ஆவணி. அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் தை.

“சொல்லிருவோம்க்கா” என்றேன். நானும் நம்பித்தான் சொன்னேன்.

கயிறு கட்டி, வரிசை வரிசையாக வண்டியைத் தள்ளினோம். அந்த நிலத்தில் இரும்புத் துணுக்கு இறைந்து கிடந்தது. உலோகக் கருவி ஓயாமல் கத்தியது. அதனால் அதன் பேச்சைக் குறைத்து, ராடார் படத்தைப் பார்த்து மென்பொருள் சொல்வதையே முடிவாக எடுத்துக்கொள்ளும்படி விக்னேஷ் அமைத்திருந்தான். சந்தேகம் உள்ள இடம் சிவப்பு, இல்லாத இடம் பச்சை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு வந்தது. எல்லாவற்றையும் ராசு அண்ணன் தோண்டினார்.

முதல் சிவப்பு, மனைக்கு எல்லைக்கல் நட்ட குழி. இன்னும் சில அப்படியே. பிறகு யாரோ வேப்பங்கன்று நட்ட குழிகள். கடைசியாக, ஓரத்தில் ஒன்று. கருவி அதைத்தான் மிக உறுதியாகச் சொன்னது. நாங்கள் தூரத்தில் நின்றோம். ராசு அண்ணன் படுத்தபடி நெடுநேரம் வழித்தார். பிறகு துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“மகேசு, கண்ணிவெடிக்குக் கொம்பு மொளச்சிருக்கு” என்றார் என்னைப் பார்த்து.

நோயில் செத்த கிடாய். உப்புப் போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, யாரோ நேர்த்தியாகப் புதைத்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். “எல்லாம் பச்சைதான், போய் செங்கல்லச் சொல்லுங்க” என்று ராசு அண்ணன் அவர்களிடம் சொல்லியும்விட்டார்.

அன்று மாலை டீ வந்தது. சார் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். வழக்கமாக எதையாவது பேசிச் சமாளிப்பேன். அன்று எனக்கு உண்மையாகவே ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் அத்தனை பேருக்கும் வேலை கெடும் என்றும் தெரிந்தது.

“கிடாய ஏன் சார் சிவப்புன்னு காட்டுச்சு?”

“அதுவும் புதைஞ்ச பொருள்தானக்கா?” என்றான் விக்னேஷ்.

“அப்ப வேப்பங்கன்னுக்குழில என்ன புதைஞ்சிருந்துச்சு? எல்லைக்கல்லு பாதி வெளியவே நிக்குது. அதையுமில்ல வெடிங்குது.”

“சந்தேகம்னா காட்டிட்டுப் போகட்டுமேக்கா. விட்டாத்தான தப்பு?”

“அதத்தான் கேக்குறேன். இது காட்டுனது அம்புட்டும் குழி. புதுசா தோண்டி, ஒழுங்கா மூடி, தட்டி, தண்ணி ஊத்துன குழி. பழசு ஒண்ணுகூட இல்ல. லாரியில கொட்டிட்டுப் போனவன் தட்டித் தண்ணி தெளிச்சிட்டாப் போயிருப்பான்?”

ராசு அண்ணன் மட்டும், “ஆரம்பிச்சுட்டா” என்று முணுமுணுத்தார். சார் டம்ளரைச் சுற்றினார்.

“சரி. வேற என்னவா இருக்கும்?”

“தெரியல சார். நான் தப்பாக்கூட இருக்கலாம்.”

“இருக்கலாம். காலையில சும்மா ஒரு குழி போட்டுப் பாப்போம்.”

மறுநாள் பட்டறை நிலத்தில் என்னை ஒரு குழி தோண்டச் சொன்னார். உள்ளே எதையும் வைக்காமல், வழக்கம்போல மூடினேன். வண்டியை ஓட்டினோம். சிவப்பு. கிடாய்க்குக் காட்டியதைவிடச் சிவப்பு. ராசு அண்ணனை ஒரு வெறுங்குழி போடச் சொன்னார். அவர் கடப்பாரையால் குத்தி, காலால் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்தார். பச்சை. பிறகு சாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குழி தோண்டி, உள்ளே டப்பாவை வைத்து, கன்னாபின்னாவென்று மூடினார். பச்சை. உள்ளே டப்பா இருக்கிறது. பச்சை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே யாரோ புதைத்து, முள்வேலி போட்டபோது ஓரமாகிப்போன பழைய டப்பா ஒன்று இருந்தது. எத்தனையோ மழை பார்த்த மண். வண்டி அதைத் தாண்டிப் போனது. ஒரு சத்தமும் இல்லை.

விக்னேஷ் தலையில் கை வைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டான். “அக்கா, இது வெடியக் கத்துக்கல. உங்க கையக் கத்துக்கிட்டிருக்கு.”

சார் என் குழியின் பக்கத்தில் குனிந்து, ஓரத்து மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். “இப்படி மூட எங்கம்மா கத்துக்கிட்ட?”

அந்தக் கேள்விக்கு முன்பு நானே அதை யோசித்ததில்லை. என் அப்பாவும் அம்மாவும் சோழவந்தானில் அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்குப் போனவர்கள். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். வெற்றிலைக்கொடி ஊன்றினால், மண்ணை அணைத்து, தட்டி, தண்ணீர் தெளிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். மெழுகு டப்பாவையும் நான் துளிர்க்க வேண்டிய கொடியைப் போலத்தான் புதைத்திருக்கிறேன்.

“வெத்தல ஊனுறப்ப சார்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“நீ ஒழுங்காத்தான் செஞ்ச. ஒரே ஆளு புதைக்குதேன்னு நாங்க யாரும் கேக்கல.” அவ்வளவுதான் சொன்னார். சற்றுத் தள்ளிப் போய் அம்மாவோடு போனில் பேசிவிட்டு வந்தார். “அம்மாகிட்ட சொன்னேன், நம்ம மிசின் ஃபெயில்னு. ‘நேரத்தோட தெரிஞ்சதுல்ல, சாப்பிட வா’ன்னுட்டாங்க.”

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பச்சை என்று சொல்லிவிட்டு வந்த நிலத்தில் ஆட்கள் செங்கல் இறக்கிக்கொண்டிருப்பார்கள். உடனே கிளம்பினோம். சொல்ல வேண்டியதைத் தானே சொல்வதாகச் சார் சொன்னார். ஆனால் போய் நின்றதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெண்கள் என்னிடம்தானே பேசியிருந்தார்கள்.

“அக்கா, எங்க மிசினு தப்பாச் சொல்லிருச்சு. இப்போதைக்குத் தோண்ட வேணாம்.”

“என்னது?” செல்லத்தாயி அக்கா கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைக்கவில்லை. “நேத்து இந்த அண்ணன்தான பச்சைன்னாரு?”

ராசு அண்ணன் வேறு பக்கம் பார்த்தார்.

“நேத்து பச்ச, இன்னைக்குச் செவப்பு. நாளைக்கு என்ன, மஞ்சளா? ஏன்டி, உனக்குச் சொந்த வீடா வாடக வீடா?”

“வாடகைதான்க்கா. விளாங்குடியில.”

“கதவு இருக்குல்ல? எனக்குக் கதவே கெடையாது. ஆவணியில மழை ஆரம்பிச்சா ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் அந்த வராந்தாவுல சாரல்லதான் படுக்கணும். என் மகளுக்கு நெஞ்சுச் சளி. நீ ஒரு நாளு வந்து படுப்பியா?”

இல்லை என்று சொல்வதா, படுக்கிறேன் என்று பொய் சொல்வதா? “கையாலயே மொத்த எடத்தையும் பாத்துத் தாரோம்க்கா. ஆடி முழுக்க இங்கதான் இருப்போம்” என்றேன்.

“இரு. ஆடிக்குக் கூழ் ஊத்துறப்ப உனக்கும் ஒரு சொம்பு தாரேன்” என்று சொல்லிவிட்டுச் செங்கல்லைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தார். ஓங்கிப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக வைத்தார்.

மென்பொருளின் தீர்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டோம். ராடார் எடுத்த மூலப் படங்கள் மட்டும் போதும். வண்டியை மறுபடியும் இன்னும் நெருக்கமான வரிசைகளில் தள்ளினோம். அந்தப் படங்களை நானும் விக்னேஷும் கண்ணால் படித்தோம். சந்தேகமான ஒவ்வொரு மீசையையும் நிலத்தில் சுண்ணாம்பால் குறித்தோம். ராசு அண்ணனும் வெடிபொருள் உரிமம் உள்ள இன்னும் இரண்டு பேரும் குத்தூசியோடு படுத்தார்கள். ஆடிக் காற்றில் கண்ணெல்லாம் புழுதி. கல், கல், கல். டயர் துண்டு. மறுபடி கல். என் குறியை நம்பித் தோண்டித் தோண்டி ராசு அண்ணனுக்கு முழங்கை தோலுரிந்தது.

“இன்னைக்குச் சந்தேகம் எம்புட்டு மகேசு?” என்று காலையில் வரும்போதே கேட்பார்.

செல்லத்தாயி அக்கா தினமும் வந்தார். பேசமாட்டார். வேலிக்கு வெளியே கருவேல நிழலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அந்தப் பார்வை படத்தின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். வெடி ஒன்றும் இல்லாமல் போனால்? ஒரு வெறும் சந்தேகத்துக்காக ஒரு குழந்தையை ஈரத்தில் படுக்க வைத்தவளாவேனா? வெடி இருந்து, நான் பார்க்காமல் தாண்டிவிட்டால்? எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஆடி முடியும் தறுவாயில் ஒரு படம். பெரிய கல்லின் அகன்ற மீசை. அதன் ஒரு தோளில் மெல்லிய கீறல், கோடு போட்ட மாதிரி நேராக. கல்லில் இயற்கையாக விரிசல் விடும். ஆனால் இவ்வளவு நேராக விடுமா? படத்தை மூடினேன். திறந்தேன். விக்னேஷிடம் காட்டினேன்.

“தெரியலக்கா.”

ராசு அண்ணனிடம் போய், “கல்லாத்தான் இருக்கும்ணே. ஆனா இத மட்டும் ரொம்ப மெதுவாப் பாருங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்று கேலி செய்யவில்லை.

மனைகளுக்கு நடுவே பொதுச் சாக்கடைக்கு விட்ட இடம் அது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அவர் மட்டும் படுத்தார். கரண்டி நகர்வது தூரத்திலிருந்து தெரிந்தது. பிறகு நின்றது. அவர் எழுந்திருக்காமல் ஒரு கையை மட்டும் மேலே தூக்கி, கிட்டே வராதே என்று காட்டினார். அப்படியே பின்னால் ஊர்ந்து வந்தார்.

பாதி உடைந்த பாறை. அதில் எந்திரம் போட்ட துளை. துளைக்குள் மருந்துத் தோட்டா, கேப்பு, இரண்டு வயர். சாக்கடைக்குக் கடப்பாரை போட்டால் நேரே அதன் தலையில் விழுந்திருக்கும்.

அரசின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து, மணல் மூட்டை அடுக்கி, அங்கேயே அதை வெடிக்க வைத்தார்கள். நான் அத்தனை ஆண்டு வெடியைப் பற்றி வேலை பார்த்தவள்; உண்மையான வெடி ஒன்றை அவ்வளவு அருகில் கேட்டது அன்றுதான். சத்தத்தைவிடக் காலடியில் மண் அசைந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

செல்லத்தாயி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

“இன்னும் இருக்குமா?”

“தெரியலக்கா. பாக்கணும்.”

“பாரு. தையானாலும் பரவால்ல. நல்லாப் பாரு.” பிறகு, “சாப்பிட்டியா?” என்றார்.

பார்த்தோம். புரட்டாசி வரை பார்த்தோம். இன்னொரு இடத்தில் தனிக் கேப்பு ஒன்று கிடைத்தது. வேறு இல்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அக்காவின் மகளுக்கு அந்தக் கார்த்திகையில் சளி கூடி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறி வந்தாள். முதல் தடவையே கருவி சரியாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அந்த மழையை ஒரு கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கும். இதை யாரும் எங்களிடம் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் மனதில் கிடக்கிறது.

அதனால், போன் செய்த தங்கைக்குச் சொல்கிறேன்: எப்படிப் புதைப்பது என்று என்னிடம் கேட்காதே. என்னைப் போல யாரும் புதைக்காமல் பார்த்துக்கொள். பட்டறைக் காவலாளி ஒன்று புதைக்கட்டும், டீ கொண்டுவருபவர் ஒன்று, சார் ஒன்று. சிலவற்றை மழையில் போட்டு மறந்துவிடுங்கள். மண் தன் பாட்டுக்கு இறுகட்டும். ஒன்றுமே வைக்காத குழிகளையும் போடுங்கள், நிறையப் போடுங்கள். பறக்கிற கருவி இன்னும் நுட்பமானது என்கிறாய். அப்படியானால் உன் கை வழக்கத்தையும் இன்னும் நுட்பமாகப் பிடித்துக்கொள்ளும். நாற்காலி இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. உடைந்திருந்தால் வேறொன்று வாங்கச் சொல்.

கடைசியாக ஒன்று. தை பிறந்ததும் செல்லத்தாயி அக்கா போன் செய்தார்.

“வெள்ளிக்கெழம காலையில வானம் தோண்டுறோம். வந்துரு. புள்ளையவும் தூக்கிட்டு வா.”

புள்ளையவும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உழன்றேன். அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் பாதுகாப்பான இடம் என்ற அறிக்கையில் என் கையெழுத்தும் இருந்தது. அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள்? அறிக்கைக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் எந்த ஊர் நியாயம்? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து, கடைசியில் அவனுக்கு நல்ல சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போனதும் சாலையோரத்திலேயே நின்றுகொண்டேன். பூசை முடிந்து கொத்தனார் கடப்பாரையை ஓங்கினார். முதல் குத்து மண். இரண்டாவது குத்து ‘ணங்’ என்றது.

அத்தனை தலையும் திரும்பியது. கடப்பாரையை யாரும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

“கல்லுதான்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “கல்லுதான்க்கா. குத்துங்க.”

செல்லத்தாயி அக்கா சத்தமாகச் சிரித்தார். “எல்லாரும் அவ மூஞ்சியப் பாத்துக்கங்கடி. இனிமே நமக்கு அதுதான் மிசினு.”

சிரிப்பு பரவியது. கொத்தனார் மறுபடி குத்தினார். குழியிலிருந்து வந்த ஈரமண் பக்கத்தில் குவிந்தது. அக்காவின் மகள் அதன் மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த என் மகன் இடுப்பிலிருந்து நெளிந்து இறங்கி, அந்த நிலத்தின் மேல் கால் வைத்து, அவளை நோக்கி ஓடினான். கூப்பிட வாயைத் திறந்தேன். ஒவ்வொரு வரிசையும் கண்முன் வந்து போனது. அவன் ஓடிக்கொண்டிருந்தது எந்த வரிசையில் என்றுகூட எனக்குத் தெரியும்.

கூப்பிடவில்லை. செருப்பைச் சாலையோரத்தில் கழற்றி விட்டுவிட்டு, நானும் உள்ளே போனேன்.